முதல் பபிள் டீ: தைவானுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

தைவானில் வந்து இறங்கிய முதல் வாரத்தில் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, குடியிருப்பு அட்டை என்று எல்லாவற்றுக்கும் சீனியர்கள் கூட வருவார்கள். பபிள் டீ, அதாவது முத்து போட்ட பால் டீ விற்கும் கடைக்கு மட்டும் யாரும் வர மாட்டார்கள். "அதுல என்ன இருக்கு, போய் வாங்கிக்கோ" என்பார்கள். நானும் ஷின்ஜு நகரில் அப்படித்தான் தனியாகப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் மூச்சுவிடாமல் ஏதோ கேட்டார், தலையாட்டினேன். இன்னொன்று கேட்டார், அதற்கும் தலையாட்டினேன். கைக்கு வந்தது கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் குலாப் ஜாமூன் பாகு, பாதிக்குமேல் ஐஸ்.

அவர் கேட்டது இரண்டே கேள்விதான்: சர்க்கரை எவ்வளவு, ஐஸ் எவ்வளவு. நம்மூரில் "மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒரு டீ, சக்கரை கம்மி" என்று நாமாகச் சொல்வோம். இங்கே அவர்களாகக் கேட்பார்கள். வரிசையில் நிற்கும்போதே இரண்டுக்கும் பதிலை வாய்க்குள் உருட்டி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சர்க்கரைக்குச் சீனத்தில் 'தாங்'. முழுச் சர்க்கரை 'ஜெங்ச்சாங்', கொஞ்சம் குறைவு 'ஷாவ் தாங்', பாதி 'பன் தாங்', சிறிதளவு 'வேய் தாங்', அறவே வேண்டாம் என்றால் 'வூ தாங்'. பெரும்பாலான கடைகளில் இவை நூறு, எழுபது, ஐம்பது, முப்பது, பூஜ்யம் என்ற விகிதம். 'தாங்' என்பதைக் கேள்வி கேட்பதுபோல மேலே ஏற்றிச் சொல்லுங்கள். ஒரே மட்டமாக இழுத்தால் அது சூப். டீக்கடையில் யாரும் சூப் கேட்க மாட்டார்கள் என்பதால் புரிந்துகொள்வார்கள், ஆனால் சிரிப்பார்கள். முதல் தடவைக்கு நான் சொல்வது 'வேய் தாங்'. நாம் இனிப்புக்குப் பழகியவர்கள்தான், இருந்தாலும் டீக்குள் போடும் ஜவ்வரிசி மாதிரி உருண்டைகளான முத்துகளே பாகில் ஊறித்தான் வருகின்றன. 'வூ தாங்' என்று சொல்லி வாங்கினாலும் முத்து போட்டிருந்தால் சர்க்கரை உள்ளே போகத்தான் செய்யும். வீட்டில் யாருக்காவது சர்க்கரை வியாதி இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

ஐஸுக்கு 'பிங்'. குறைவாக என்றால் 'ஷாவ் பிங்', மிகக் குறைவாக 'வேய் பிங்', வேண்டாம் என்றால் 'ச்சூ பிங்'. இந்தக் கடைசியில் ஒரு சூட்சுமம் உண்டு. பல கடைகளில் டீயை ஐஸோடு போட்டுக் குலுக்கிவிட்டு, பிறகு ஐஸை மட்டும் வடிகட்டித் தருவார்கள். ஐஸ் இருக்காது, ஜில்லென்று இருக்கும். தொண்டை கட்டியிருக்கிறது என்று 'ச்சூ பிங்' வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. அப்போது சூடாகத்தான் கேட்க வேண்டும். சூடு என்பதற்கு ஒரே எழுத்துதான்: 'ழ'. உண்மையாகவே நம் ழகரம். அதட்டுகிற மாதிரி மேலிருந்து கீழே இறக்கிச் சொன்னால் போதும். பிற நாட்டு மாணவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் ஒலி நமக்குப் பிறப்பிலேயே வந்துவிட்டது. ஷின்ஜுவின் டிசம்பர் காற்றில் இந்த ஓர் எழுத்து பெரிய துணை.

சரி, என்ன வாங்குவது? முதல் தடவைக்குச் சுற்றி வளைக்காமல் 'ஜென்ஜூ நைச்சா' என்று சொல்லுங்கள். ஜென்ஜூ முத்து, நை பால், ச்சா டீ. பட்டியலில் பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலை இருக்கும். கையையும் காலையும் விரித்து நிற்கிற ஆள் மாதிரி இருக்கும் எழுத்து பெரிய கப். பெட்டியின் நடுவே கோடு இறங்கியதுபோல் இருப்பது நடுத்தர கப். பெரியது பொதுவாக 700 மில்லி, நடுத்தரம் 500. பெரிய கப்புக்குச் சீனத்தில் 'தா பேய்'. நான் சும்மா சொல்லவில்லை, அப்படித்தான். முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிரிப்பு வந்தது. தனி ஆளுக்கு நடுத்தரமே தாராளம்.

முத்து என்பது நம் ஜவ்வரிசிக்கு அண்ணன் முறை. அதே மரவள்ளிக்கிழங்கு மாவு; உருண்டை பெரிது, கருப்பட்டி நிறம். சேலத்து ஜவ்வரிசியில் பாயசம் குடித்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. ஒரே வித்தியாசம், பாயசத்தில் குழைந்தால் நல்லது, இங்கே குழையவே கூடாது. பல்லில் பட்டு மெல்லத் திருப்பி உதைக்கிற அந்தப் பதத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பேர் 'கியூ'. வேக வைத்துச் சில மணி நேரத்துக்குள் அந்தப் பதம் போய்விடும். அதனால் மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து நாளைக்குக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், முத்து கோலிக்குண்டு மாதிரி இறுகிவிடும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு முத்து பிரச்சினையில்லை. கன்னங்கரேலென்று கசப்பு வாடையோடு வரும் மூலிகை ஜெல்லி, அத்தி வகை விதையைப் பிசைந்து எடுக்கும் 'ஐயூ' ஜெல்லி, தேங்காய் ஜெல்லி எல்லாமே தாவரம்தான். புட்டிங் என்று இருந்தால் மட்டும் நிதானியுங்கள். அதில் முட்டையோ ஜெலட்டினோ இருக்கலாம். கையால் காட்டி "சூ த மா?" என்று கேட்டால், சைவமா என்று பொருள்.

பால் விஷயத்தில் நம்மவர்கள் பலருக்கு ஏமாற்றம் உண்டு. சாதாரண நைச்சாவில் பெரும்பாலும் இருப்பது பால் இல்லை, கிரீமர் பவுடர். கறந்த பால் வாசனையை எதிர்பார்த்துப் போனவர்கள் "இது டீயே இல்ல" என்று திரும்புவார்கள். கொஞ்சம் காசு கூடப் போட்டு 'ஷியென் நை' கேளுங்கள், நிஜப் பால் கிடைக்கும். இந்த வகைக்குச் சில கடைகளில் லாட்டே என்று பேர். காபி இருக்காது, பயப்பட வேண்டாம். இன்னொரு பக்கம், கப்பின் உள்சுவரில் பழுப்புக் கோடு வழிய அழகாக இருக்கும் கருப்புச் சர்க்கரை முத்துப் பாலில் பல கடைகளில் டீயே கிடையாது. அதற்குச் சர்க்கரை அளவும் பெரும்பாலும் நிலையாக இருக்கும், மாற்றித் தர மாட்டார்கள். நாம் பிளாக் டீ என்பதை இவர்கள் 'ஹோங் ச்சா', சிவப்பு டீ என்பார்கள்.

யார் முதலில் முத்தை டீயில் போட்டார்கள் என்று மட்டும் இங்கே கேட்டுவிடாதீர்கள், ஒரு மணி நேரம் போய்விடும். தைச்சுங் நகரின் சுன் ஷுய் தாங் கடையும் தைனான் நகரின் ஹன்லின் கடையும், 1980களில் முதலில் போட்டது நாங்கள்தான் என்று சொல்லி நீதிமன்றத்தில் பத்தாண்டு வழக்காடின. 2019இல் நீதிமன்றம், இதை யார் வேண்டுமானாலும் போடலாம், யார் முதல் என்பதைத் தீர்க்கத் தேவையில்லை என்று முடித்துவிட்டது.

கப் கைக்கு வந்ததும் மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். தலைகீழாக இரண்டு தடவை ஆட்டுங்கள். பிறகு கப்பின் நடுவில் பிடித்து அழுத்தாமல், விளிம்போரம் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராவின் மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடி, கூர்முனையை நேராக ஒரே குத்து. தயங்கித் தயங்கிக் குத்தினால் சட்டை போச்சு. என் வெள்ளைச் சட்டை ஒன்று அப்படித்தான் போனது. மெதுவாக உறிஞ்சுங்கள், வேகமாக இழுத்தால் முத்து நேரே தொண்டைக்குப் பாயும். சின்னக் குழந்தைகளுக்கு முத்து இல்லாமலே வாங்கிக் கொடுங்கள்.

ஆய்வகத்தில் சேர்ந்த சில நாளில் ஒரு மதியம் திடீரென்று லைன் என்ற அரட்டைச் செயலியின் குழுவில் டீக்கடைப் பட்டியலின் படம் ஒன்று வந்து விழும். எல்லாரும் கீழே வரிசையாக எழுதுவார்கள். பெரும்பாலும் பேராசிரியர் செலவு. அப்போது "எனக்கு எதுவும் வேண்டாம் சார்" என்று நம்மூர்க் கூச்சத்தில் ஒதுங்காதீர்கள். குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால்தான் கடைக்காரர் கொண்டுவந்து தருவார், உங்கள் ஒரு கப்புக்காகவும் அவர்கள் காத்திருப்பார்கள். பேர், டீ, தாங், பிங் என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டாவது தடவை உங்கள் வரியை அவர்களே எழுதிவிடுவார்கள்.

தைப்பே போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மெட்ரோவில் கட்டண வாயிலைத் தாண்டினால் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அபராதம் 1,500 தைவான் டாலரில் தொடங்கி 7,500 வரை. கப்பைக் கையில் வைத்திருக்கலாம், வாயில் வைக்கக் கூடாது. சாதாரண ரயிலிலும் அதிவேக ரயிலிலும் இந்தத் தடை இல்லை.

சொந்த கப் கொண்டுபோனால் சங்கிலிக் கடைகளில் குறைந்தது 5 டாலர் தள்ளுபடி தர வேண்டும் என்பது 2022 முதல் விதி. தரும் ரசீதையும் கசக்கி எறியாதீர்கள். அதிலுள்ள எண் அரசு லாட்டரிச் சீட்டு. ஒற்றைப்படை மாதங்களில் 25ஆம் தேதி குலுக்கல். கடைசி மூன்று எண் பொருந்தினாலே 200 டாலர். எனக்கு இதுவரை இரண்டு தடவை விழுந்தது. இரண்டுமே நைச்சாவாகிவிட்டது.