அலுவலகத் தொலைபேசி: அனலாக் துளையா, டிஜிட்டல் துளையா?

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையின் கடைவீட்டு மாடியிலோ ஊபி தொழிற்பேட்டையிலோ சிறிய அலுவலகம் எடுப்பவர்களுக்கு, முந்தைய வாடகைக்காரர் விட்டுச்சென்ற தொலைபேசி இணைப்பகமும் (அலுவலகத்தின் தொலைபேசிகளை ஒன்றோடொன்றும் வெளி இணைப்போடும் இணைக்கும் கருவி) சில வேளைகளில் சேர்ந்தே கிடைக்கும். தொலைபேசிக் கம்பியைச் செருகுவதற்காகச் சுவரிலுள்ள துளைகள் யாவும் ஒரே வடிவில் இருக்கின்றன என்பதற்காக எந்தக் கருவியையும் எதிலும் செருகிவிடக் கூடாது.

அனலாக் இணைப்பில் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னோட்டம் பாயும் இரண்டு செம்புக் கம்பிகள் வழியே குரல் மின்னலையாகவே செல்கிறது. டிஜிட்டல் இணைப்பிலோ குரல் எண்களாக மாற்றப்பட்டு, பெரும்பாலும் அந்த இணைப்பகத்தைத் தயாரித்த நிறுவனத்தின் தொலைபேசிக்கு மட்டுமே புரியும் முறையில் அனுப்பப்படுகிறது. அதில் தொலைநகல் இயந்திரத்தைச் செருகினால் இயங்காது என்பதோடு, அதனுள் இருக்கும், தரவை அனுப்பிப் பெறும் மோடமே பழுதாகிவிடவும் கூடும்.

ஏற்கெனவே மாட்டியுள்ள தொலைபேசி, தனி மின்செருகி இல்லாமலேயே ஒளிரும் திரையும் வரிசையான இணைப்பு விளக்குகளும் கொண்டிருந்தால், அத்துளை டிஜிட்டல் என்று சந்தேகியுங்கள். உறுதிப்படுத்த இணைப்பு சோதிப்பான் ஒன்று போதும். தொலைநகல், திருட்டு எச்சரிக்கைக் கருவி போன்றவற்றுக்கு அனலாக் துளையைத் தனியே கேட்டுப் பெறுங்கள்.

இன்னொன்று: கண்ணாடியிழை இணைப்புப் பெட்டியிலுள்ள தொலைபேசித் துளையும் அனலாக்தான். ஆனால், பழைய செம்புக் கம்பிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. இந்தப் பெட்டியோ அலுவலகத்தில் மின்சாரம் போனால் ஊமையாகிவிடும். ஆகவே, அதற்கும் இணைப்பகத்துக்கும் சேர்த்து மின்தடையின்போது மின்கலத்திலிருந்து மின்சாரம் தரும் யூபிஎஸ் கருவி ஒன்றை வாங்கி வைப்பது நல்லது.