ரத்தக்கட்டியை வலைபோட்டு எடுக்கும் சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்துப் பக்கவாதம் வந்தால், பெரும்பாலும் தொடை இடுக்கிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை மேலே செலுத்தி அதை வெளியே எடுக்கலாம். எடுக்கும் கருவி, நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலவையில் செய்த குட்டி வலை. நுண்குழாய்க்குள் சுருங்கிக் கிடக்கும் அது, கட்டி இருக்கும் இடத்தில் உறையை விலக்கியதும் தானாக விரியும். கம்பிகள் கட்டிக்குள் பதியச் சில நிமிடம் விடுவார்கள். அப்புறம் மெதுவாக இழுத்தால் வலைக்கண்களில் கருஞ்சிவப்பாக ஒரு துணுக்கு சிக்கி வரும். விரல் நகத்தைவிடச் சிறிய அந்தத் துணுக்குதான் ஒருவருடைய பேச்சையும் ஒரு பக்கத்துக் கைகாலையும் முடக்கியிருக்கும்.

பார்க்க ஸ்டென்ட் மாதிரி இருப்பதால், இதயத்தில் வைப்பதுபோல இதுவும் உள்ளேயே தங்கிவிடும் என்று பயந்து சம்மதம் சொல்லப் பலர் தயங்குகிறார்கள். கட்டியோடு வலையும் வெளியே வந்துவிடும்.

பெரிய தவறு இதைவிட முன்னாலேயே, வீட்டில் நடக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறது, கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. "கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்கிறார்கள். பெரிய குழாய் அடைபட்ட பக்கவாதத்தில், சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது கணக்கு. தயவுசெய்து படுக்க வைத்துக் காத்திருக்காதீர்கள்.

2018-இல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை இந்தச் சிகிச்சை செய்யலாம் என்று ஆனது. அதை 24 மணி நேரம் கையில் இருக்கிறது என்று புரிந்துகொள்வது ஆபத்து. காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி மிச்சம் இருக்கிறது என்று ஸ்கேன் காட்டினால்தான் அந்த நீட்டிப்பு. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: காலையில் எழுந்தபோதே கைகால் வரவில்லை, எப்போது வந்ததோ தெரியாது, இனி பயனில்லை என்று விட்டுவிடுவது. அவர்களுக்கும் வழி இருக்கலாம். ஆகவே, அவரைக் கடைசியாக நன்றாகப் பார்த்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.

கையோடு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். ரத்தக்கசிவாக இருந்தால் அது இன்னும் மோசமாக்கும். அடைப்பா கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். விழுங்க முடியாதவருக்குத் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போய்விடும். ஸ்கேன் வசதியே இல்லாத இடத்துக்குப் போவதும் நேர விரயம்தான். ஆம்புலன்ஸை அழைத்து, பக்கவாதம் என்ற சந்தேகத்தைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க அவர் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எல்லாக் கட்டிக்கும் வலை போடுவதில்லை. மிகச் சிறிய குழாய்களுக்குள் கருவி போகாது. நாலரை மணி நேரத்துக்குள் வந்தவர்களில் தகுதியானவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியும் உண்டு. பலருக்கு இரண்டுமே தேவைப்படும். வலை இருக்கும்போது ஊசி எதற்கு என்று வாதாடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

கட்டி வெளியே வந்துவிட்டது என்பதற்காக, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. இதயம் சீரில்லாமல் துடிப்பதால் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டி உருவாகியிருந்தால், அந்தத் துடிப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த கட்டி அங்கிருந்தே கிளம்பலாம்.