பாயிண்ட் வைத்த பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சாவியைத் திருப்பினால் ‘டொக்’கென்று ஒரு சத்தம், அதோடு சரி. உடனே புது பேட்டரி வாங்க ஓடுவதுதான் அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய வீண்செலவு. இந்த வண்டிகளில் கோளாறு பாகத்தைவிட இணைப்பில் இருப்பதே அதிகம். அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். ஆனால் நிற்கும்போது காட்டும் அளவை மட்டும் நம்பக் கூடாது. செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்கும்போதும் வோல்ட் மீட்டரைப் பாருங்கள், 9.6-க்குக் கீழே போகக் கூடாது.

பேட்டரி தேறிவிட்டது, ஆனாலும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறதா? அடுத்து எர்த். இதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் மோட்டாருக்குப் போன கரண்ட் திரும்பி வர, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டைதான் வழி. அது துருப்பிடித்தால் கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்த பின் சோக் கேபிள் சுட்டால் சந்தேகமே வேண்டாம்.

சோதிப்பது எளிது. வண்டியை நியூட்ரலில் வைத்து, காயிலிலிருந்து (பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தருவது) டிஸ்ட்ரிப்யூட்டருக்கு (அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிடுங்கள், இன்ஜின் பிடிக்காது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும் (அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் அல்ல), மறுமுனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, மூன்று நான்கு நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பாசிட்டிவ் குமிழுக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் இடையே 0.5 வரை பொறுக்கலாம். கிளாம்ப்பின் உட்புறத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பச்சைப் பூஞ்சணத்தின் மேலேயே கிரீஸ் அப்புவதால் ஒரு பயனும் இல்லை.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் விடாமல் அடிக்காதீர்கள். ஒரு தடவைக்கு 10 நொடி போதும், அப்புறம் ஒரு நிமிடம் ஆற விடுங்கள்.

இனி பாயிண்ட், அதாவது டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் திறந்து மூடி காயிலின் கரண்ட்டை விட்டு நிறுத்தும் சின்ன சுவிட்ச். எமரித் தாளால் தேய்ப்பது பழைய பழக்கம், தவறான பழக்கமும்கூட. அதன் துகள்கள் பாயிண்டில் பதிந்து தொடர்பைக் கெடுக்கும். மெல்லிய பாயிண்ட் அரத்தால் லேசாகத் தேய்த்து, சுத்தமான அட்டைத் துண்டை இடையில் விட்டு இழுங்கள். பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமின் உச்சியில் பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போதுதான் இடைவெளி வைக்க வேண்டும். பெட்ரோல் அம்பாசடருக்கு 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. இடைவெளி மாறினால் டைமிங்கும் (பொறி வரும் நேரம்) மாறும். ஆகவே இடைவெளி முதலில், டைமிங் பிறகு. புது பாயிண்டும் சீக்கிரம் கருகினால், பாயிண்டில் பொறி தெறிக்காமல் காக்கும் கண்டென்சரை மாற்றுங்கள்.

காயில் வாங்கும்போது ஓம் பார்த்து வாங்குங்கள். பலாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்ட்டைக் குறைக்கும் தடை) இல்லாத வண்டிக்கு காயிலின் பிரைமரி சுற்று சுமார் 3 ஓம் இருக்க வேண்டும். 1.5 ஓம் காயிலை அதில் போட்டால் காயிலும் சுடும், பாயிண்டும் எரியும். பலாஸ்ட் உள்ள வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் நின்றுபோனால் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆன் நிலையிலேயே விட்டு ரேடியோ கேட்பதும் வேண்டாம். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வழியே கரண்ட் போய்க்கொண்டே இருக்கும்.

காயில் வயரில் பொறி வந்து பிளக்கில் வராவிட்டால், டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுழலும் ரோட்டரையும் அதன் மூடியான கேப்பையும்தான் பார்க்க வேண்டும். கேப்பின் உள்ளே பென்சில் கீறல் போன்ற கருங்கோடு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்; துடைத்துப் பயனில்லை. மழைக்காலத்தில் வெறும் ஈரம்தான் என்றால் உலர்ந்த துணியே போதும். பிளக் வயர்களைக் கழற்றும்முன் எண் எழுதி வையுங்கள். இந்த இரண்டு வண்டிகளிலும் பொறி வரும் வரிசை 1-3-4-2.

ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றவே கழற்றாதீர்கள். வோல்டேஜ் ஒரேயடியாக எகிறி டையோடு போய்விடும். இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கி பேட்டரியில் மீட்டர் வையுங்கள், 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஆகிறது.