பாதரசப் பல் அடைப்பும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண் மங்கியோ கால் மரத்தோ மருத்துவரிடம் சென்று, தமக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) என்று அறிந்துகொள்பவர், அது ஏன் வந்தது என்று தேடத் தொடங்குவது இயல்பு. அப்போது கடைவாய்ப் பல்லில் பல ஆண்டுகளாக இருக்கும் கருஞ்சாம்பல் நிற அமால்கம் அடைப்பு நினைவுக்கு வருகிறது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம் என்று படித்ததுமே, காரணம் கிடைத்துவிட்டதாக மனம் முடிவுகட்டிவிடுகிறது.

அந்த அவசரத்தில் நடக்கும் பெரிய தவறு, நல்ல நிலையில் உள்ள அடைப்பைக் குடைந்து எடுக்கச் சொல்வதுதான். மெல்லும்போதும் பல்லை நறநறவென்று கடிக்கும்போதும் அடைப்பிலிருந்து மிகச் சிறிதளவு பாதரச ஆவி வெளிவருவது உண்மை. ஆனால் சுழலும் கருவி அதை அறுக்கும்போது சூடேறி, ஆவியும் துகளும் ஒருசேர எழுவதால், உடலில் பாதரச அளவு தற்காலிகமாக உயரக்கூடும். கூடவே நல்ல பல்லிலும் ஒரு பகுதி பறிபோகும். உடைந்த அடைப்பையும், அடியில் சொத்தை பரவிய அடைப்பையும் எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு, இடைவிடாத நீர்த்தெளிப்பு, வலுவான உறிஞ்சு குழாய் ஆகியவை இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

“எடுத்தபின் எனக்குச் சரியாகிவிட்டது” என்பவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலானோருக்கு இந்நோய் தொடக்கத்தில் தாக்குதலும் தணிவுமாகவே வரும். ஒரு கண்ணில் மங்கிய பார்வை, எந்தப் பல்லையும் தொடாமலேயே சில வாரங்களில் திரும்பிவிடுவதுண்டு. இடையில் அடைப்பை எடுத்திருந்தால் பெயர் அதற்குப் போய்விடுகிறது. அந்த நம்பிக்கையில் நரம்பியல் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவதுதான் என்னைக் கவலைகொள்ளச் செய்கிறது. வெளியே அறிகுறி இல்லாத நாட்களிலும் மூளையில் சேதம் தொடரக்கூடும்.

ஆய்வு எண்ணைப் பாதியில் படித்து நிறுத்துவதும் தவறு. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2007இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், அமால்கம் இல்லாதவர்களோடு ஒப்பிட, உள்ளவர்களுக்கு இந்நோய்க்கான வாய்ப்பு விகிதம் 1.24 என்று வந்தது. “24 சதவீதம் கூடுதல்” என்று பரவுவது இதுதான். அதன் நம்பக எல்லையோ, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வரம்போ, 0.96 முதல் 1.61 வரை. வேறுபாடே இல்லை என்பதைக் குறிக்கும் 1 அதற்குள் அடங்கியிருப்பதால், தொடர்பு நிறுவப்படவில்லை, சிறிய தொடர்புக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. இதனோடு ஒப்பிட, 2022இல் அமெரிக்கப் படையினரிடம் நடந்த ஆய்வில் எப்ஸ்டீன்-பார் என்னும், பெரும்பாலானோரைத் தொற்றும் பொதுவான வைரஸின் தொற்றுக்குப் பின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. புகைப்பிடிப்பதும் ஆபத்தைக் கூட்டும். கைவிட வேண்டியதைத் தேடுபவர் அங்கிருந்து தொடங்கலாம்.

மருந்து கொடுத்துப் பாதரசத்தைச் சிறுநீரில் வெளியேற்றி, பிறகு அளக்கும் சோதனையை நம்ப வேண்டாம். அம்மருந்து யாருக்குமே அளவை உயர்த்தும். அதை மருந்தில்லாத இயல்பளவோடு ஒப்பிடுவது முறையாகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் அமால்கத்தைப் பெரும்பாலும் தடைசெய்ததில் சுற்றுச்சூழல் மாசே முக்கியக் காரணம். அதை இந்நோய்க்கான சான்றாகக் கொள்ளலாகாது. அதற்காக அலட்சியமும் கூடாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல், ஏற்கெனவே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்கள் இயன்றவரை புதிய அமால்கம் அடைப்பைத் தவிர்க்கலாம் என்றும், நன்றாக இருக்கும் பழையதை மருத்துவத் தேவையின்றி எடுக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. எனவே புதிய சொத்தையை அடைக்கும் முன்பே பல் மருத்துவரிடம் நோயைச் சொல்லி, பாதரசம் இல்லாத அடைப்புப் பொருள்களான காம்போசிட் அல்லது கிளாஸ் அயனோமர் பொருந்துமா என்று கேளுங்கள்.