பழைய கேம்பர் வான்: வாங்கும் முன் தகரத்தைத் தட்டிப் பாருங்கள்

இலங்கையில் மோட்டர் ஹோம் என்று விலைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இங்கேயே கட்டப்பட்டவை. டொல்பின் என்று நாம் சொல்லும் பழைய டொயோட்டா ஹயேஸ், அதற்குப் பிந்திய கேடிஎச், நிசான் கரவன், கொஞ்சம் பெரிதென்றால் றோசா அல்லது கோஸ்டர் பஸ். அதற்குள் கட்டில், குசினி, தண்ணீர்த் தாங்கி எல்லாம் யாரோ ஒரு தச்சரும் வயரிங்காரரும் பொருத்தியிருப்பார்கள். ஆகவே ஒரே விலையில் இரண்டு சாமான் வாங்குகிறீர்கள்: பழைய வான் ஒன்று, இன்னொருவரின் கைவேலை ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓட்டத் தகாத வான்களுக்கும் பெயின்ட் அடித்து ஆயுளை நீட்டியவர்கள் உண்டு.

எஞ்சின் போனால் வேறு எஞ்சின் ஏற்றலாம். கறள் தின்ற சேசிக்கு (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்துக்கு) மருந்தில்லை. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, பொத்துவில் என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓடிய வண்டியென்றால் முதலில் அடியில் படுத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஒரு டோர்ச், ஒரு ஸ்குரூ டிரைவர், மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம், இவை போதும். சக்கர வளைவின் உள்பக்கம், தள்ளுகதவின் கீழ்த் தண்டவாளம், முன் கண்ணாடி ரப்பருக்குக் கீழே, கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய், முன் சீட்டுக் காலடியில் விரிப்புக்குக் கீழே என்று வரிசையாகப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் ஓட்டையை அடைத்த புட்டி இருக்கிறது. ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று கேட்கும். உள்ளே உக்கினது மொத்தென்று அடங்கும். அடிப்பாகம் முழுக்கப் புதுசாகக் கறுப்புப் பூச்சு பளபளத்தால் சந்தோஷப்படாதீர்கள். கறளைச் சுரண்டாமல் மேலே பூசினால், உப்பும் ஈரமும் உள்ளே அடைபட்டு இன்னும் வேகமாக அரிக்கும். சுரண்டிப் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

வாங்கும் காலமும் முக்கியம். மாரியில், நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் போனால், கூரையில் எங்கே ஒழுக்கு என்பதை மழையே காட்டித் தரும். கச்சான் காற்று வீசும் நாட்களில் வாங்குவதென்றால் குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பக்கமும் 10 நிமிடம் அடியுங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த இடத்தால் ஒழுகியது என்று பிடிக்க முடியாது. சோலர் பனல் பூட்டிய ஆணித் துளைகளும் கூரை விசிறியின் விளிம்பும்தான் வழக்கமான குற்றவாளிகள். சாதாரண சிலிக்கன் நாளடைவில் ஓரம் கழன்றுவிடும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு பொலியூரித்தேன் சீலன்ட் வைக்க வேண்டும். பழைய சிலிக்கனுக்கு மேலே எதைப் பூசினாலும் ஒட்டாது. உள்ளே கூரை மூலைகளிலும் கட்டிலுக்கு அடியிலும் பிளைவுட்டைப் பெருவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் பலகை உக்கிவிட்டது.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று அறிய சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து நுனியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கையைக் கழுவலாம், விரிப்பை மாற்றலாம், பெல்ட்டின் உள்நுனி பலருக்கும் ஞாபகம் வராது. டாஷ்போர்ட்டுக்கு அடியில் வயர்ப் பூட்டுகளில் பச்சைப் பூப் பூத்திருந்தாலும் அதே கதைதான்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் போங்கள். நீலப் புகை ஒயில் எரிகிறது என்பதற்கு அடையாளம். நிற்காத வெள்ளைப் புகையோடு றேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் எஞ்சினின் மேல்தலைக்குக் கீழுள்ள ஹெட் கஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். டொல்பினில் வரும் 3எல், 5எல் எஞ்சின்கள் ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் ஹெட் வெடிக்கும். நம் கிழக்குப் பக்கத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: உவர்க் கிணற்றுத் தண்ணீரை றேடியேற்றருக்குள் ஊற்றும் பழக்கம். உப்பும் சுண்ணாம்பும் குழாய்களில் படிந்து அடைக்கும். குளிர்ந்த பின் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட் நிறம் இல்லாமல் செம்மண் தண்ணீர் மாதிரி இருந்தால் விலையைக் குறையுங்கள். கேடிஎச்சின் டீசல் எஞ்சின்களில் டீசல் பீச்சும் இன்ஜெக்டருக்குக் கீழுள்ள செப்பு வொஷர் கசிந்தால் கரி ஒயிலோடு கலந்து தார்போல் இறுகும்; அது எஞ்சினுக்குக் கீழே ஒயில் நிற்கும் சம்பின் அடியிலுள்ள ஒயில் வடியை அடைக்க, ஒயில் ஏறாமல் எஞ்சின் இறுகிவிடும். சம்பைக் கழற்றிப் பார்க்க மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது. டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

மட்டக்களப்பும் அம்பாறைக் கரையும் தட்டை நிலம். மெலிந்த எஞ்சினும் இங்கே சிங்கம் போல ஓடும். செங்கலடியிலிருந்து ஏ5 வீதியால் மஹாஓயா கடந்து, பிபிலைக்கு அப்பால் லுணுகலை ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்தால்தான் சூட்டு முள்ளும் கிளச்சும் உண்மை சொல்லும். இறக்கத்தில் பிரேக்கும் சொல்லும். தண்ணீர்த் தாங்கி நிரம்பியிருக்க வேண்டும். 100 லீற்றர் என்றால் 100 கிலோ.

பாரத்தைக் கண்ணால் மதிக்க முடியாது. சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகளில் லொறி நிறுக்கும் தராசு இருக்கும்; கேட்டு, முன் அச்சையும் பின் அச்சையும் வேறுவேறாக நிறுத்து, அவை தாங்கும் அளவோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கத் திகதி இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வயது கடந்த டயரில் பூ (தேயாத வரிப்பள்ளம்) எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள்.

வயரிங்கில்தான் அதிகம் ஏமாறுவார்கள். வீட்டுக்குப் போடும் 1/1.13 ஒற்றைக் கம்பி வயரை வானுக்குள் கண்டால் முழுவதையும் பிடுங்கிப் போடுங்கள். அதிர்வில் அந்தக் கம்பி உள்ளே முறிந்து, பொறி பறந்து, பிளைவுட்டுக்குப் பின்னால் தீப்பிடிக்கும். பல இழை வயர்தான் வேண்டும். 12 வோல்ட் பிரிட்ஜுக்கு 5 மீற்றர் தூரம் என்றால் 4 சதுர மில்லிமீற்றர் போடுங்கள். மெல்லிய வயரில் வோல்ட் இறங்கி, பற்றரி நிறைய இருந்தும் பிரிட்ஜ் நின்றுவிடும். பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். கணக்கு இப்படி: 45 வாட் பிரிட்ஜ் நம் சூட்டில் பாதி நேரம் ஓடினால் நாளுக்கு 540 வாட் மணி, 20 வாட் விசிறி 10 மணி நேரம் 200, விளக்கும் போனும் 100. மொத்தம் 840. 12 வோல்ட், 100 ஆம்ப் மணி ஈய பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், ஏறக்குறைய 600; அது போதாது. அதே அளவு லித்தியம் அயன் பொஸ்பேட் 1000 வரை தரும். 200 வாட் சோலர் நல்ல வெயிலில் 800 அளவில் தரும், மாரியில் பாதிகூட வராது. அப்போது எஞ்சின் ஓடும்போது மின் தரும் ஓல்டர்னேட்டரிலிருந்து ஏற்றும் டீசி சார்ஜர் இல்லாமல் சமாளிக்க முடியாது.

காஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் நிற்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை இல்லையென்றால் வெட்டுங்கள். மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். தூங்கும்போது சிலிண்டர் வாயைப் பூட்டிவிடுங்கள். தண்ணீர்த் தாங்கியைப் பாவிக்கும் முன் 100 லீற்றருக்கு 5 வீத குளோரின் திரவம் 100 மில்லிலீற்றர் கலந்து நான்கு மணி நேரம் வைத்து, வாசம் போகும் வரை கழுவி ஊற்றுங்கள்.

பத்திரத்தில் அவசரம் கூடாது. பதிவுப் புத்தகத்தின் சேசி இலக்கத்தை வண்டியில் பொறித்த இலக்கத்தோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள். சுற்றி வெல்டிங், கிரைண்டர் தடம் இருந்தால் விலகுங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் தீர்த்த கடிதம் கையில் வரும்வரை காசு கொடுக்க வேண்டாம். ஓப்பன் பேப்பரில், அதாவது உங்கள் பெயருக்கு மாற்றாமல் கையொப்பமிட்ட படிவங்களோடு மட்டும் வாங்கினால் வண்டி சட்டத்தில் பழைய சொந்தக்காரருடையதே. உரிமை மாற்றும் எம்டிஏ 6, எம்டிஏ 8 படிவங்களில் அவர் உங்கள் முன்னால் கையொப்பமிடட்டும். சீட்டுகளைக் கழற்றியிருந்தால் அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டதா என்று கேளுங்கள். காப்புறுதி எடுக்கும்போது காஸையும் கூடுதல் பற்றரியையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், மறைத்தால் பிறகு இழப்பீடு கேட்கும்போது அதைச் சொல்லியே மறுப்பார்கள்.

பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ கரையில் நிறுத்தி வந்தால், அன்றே அடிப்பாகத்துக்குக் குழாய்த் தண்ணீர் அடியுங்கள். உவர்க் கிணற்றால் கழுவுவது உப்பைக் கழுவி உப்பைப் பூசுவதுதான். சக்கர வளைவில் ஒட்டிய மண்ணை விரலால் தோண்டி எடுங்கள், அந்த மண்தான் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் அலுமாரிக் கதவு, பிரிட்ஜ் கதவு எல்லாவற்றையும் திறந்து வைத்து, மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி, கூரை விசிறியைச் சோலரில் ஓடவிடுங்கள்.