இடியாப்ப மரத்துக்கு ஒரு பூச்சி வேண்டும்

லீவுக்கு வரும் பட்டணத்துப் பிள்ளைகளிடம் இடியாப்பம் மரத்தில் காய்க்கும் என்று சொல்லப் போகிறீர்களா? சும்மா சொன்னால் நம்பாதுகள். கூடவே ஒரு பூச்சியைச் சேருங்கள்.

1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி, அதாவது இத்தாலிக்காரர்களின் நூடுல்ஸ், பறிப்பதாகப் படம் காட்டியது. ஸ்பகெட்டி வண்டு ஒழிந்துவிட்டதால் அமோக விளைச்சலாம். அந்த வண்டுதான் ஆளைக் கவிழ்த்தது என்பது என் கட்சி. எப்படி வளர்ப்பது என்று போன் போட்டே கேட்டார்கள். தக்காளி சாஸ் டப்பாவில் ஒரு இணுக்கு நட்டுப் பாருங்கள் என்று பதில் போனது.

நாமும் அதே வழிதான்: "இந்த வருசம் சேவைப்புழு அடிச்சிருச்சுப்பா. தேங்காய்ப்பால் ரெண்டு தண்ணி விட்டிருக்கேன். பனியோட அறுத்தாத்தான் சிக்கு விழாது."

சிரிக்காமல் சொல்லணும். அப்பத்தா பக்கத்தில் இருந்தால் வேண்டாம், அதுக்கு அடக்கத் தெரியாது.