டெஃப்லான் கேஸ்கட்டை நெருப்பில்லாமல் எடுப்பது

கெமிக்கல் ஆலைகளில் பம்பு, வால்வு பிரித்து மாட்டுவதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் வேலை. இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான விளிம்புதான் ஃபிளாஞ்ச்; கசியாமல் இருக்க அதன் நடுவில் வைக்கும் வளையம் கேஸ்கட். ஃபிளாஞ்சில் இறுகிப்போன டெஃப்லான் கேஸ்கட்டை எடுக்கச் சொன்னால் புதுப் பையன்கள் முதலில் தின்னர் டப்பாவைத் தேடுவார்கள், அதில் அசையவில்லை என்றால் கேஸ் டார்ச். இரண்டுமே வேண்டாம்.

நம்மிடம் இருக்கும் எந்தத் தின்னரிலும் டெஃப்லான் கரையாது. கொதிக்கிற அமிலத்துக்கே அசையாது என்றுதானே அதை அங்கே போட்டோம்? சூட்டில் உடையும், ஆபத்தும் அங்கேதான். 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், 327-ல் உருகும், 400-ஐ நெருங்கும்போது சிதைந்து நச்சுப் புகை விடும். நுரையீரலில் நீர் கோக்கவைக்கும் புகை அது.

சரி, வேலைக்கு வருவோம். குழாய் லைனைக் காலி செய்து, கழுவி, வேலை தொடங்க ஆலையின் எழுத்து அனுமதியான பெர்மிட் வாங்கிய பிறகு போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். உங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கும் போல்ட் முதலில். மிச்சம் ஏதாவது பீய்ச்சினாலும் முகத்தில் அடிக்காது. ஃபிளாஞ்சைப் பித்தளை ஆப்பு வைத்து விரியுங்கள். கேஸ்கட்டை ஓரிடத்தில் கத்தியால் குறுக்கே வெட்டி, நுனியைப் பிளையரால் பிடித்து, வாழைநார் உரிப்பதுபோல நிதானமாக இழுங்கள். பெரும்பாலும் முழு வளையமாக வந்துவிடும்.

வராமல் நிற்பதற்குக் காரணம் ஒட்டுதல் இல்லை. போல்ட் அழுத்தத்தில் டெஃப்லான் மெல்ல நகர்ந்து ஃபிளாஞ்ச் முகத்தின் வரிப்பள்ளங்களுக்குள் இறங்கியிருக்கும். டார்ச்லைட்டைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு வரியிலும் வெள்ளை நூல் ஓடுவது தெரியும். அந்த நூலைக் கூரான பித்தளை ஸ்க்ரேப்பரால் வரி போகிற திசையிலேயே, வட்டமாகக் கிளறி எடுங்கள். குறுக்கே இழுத்துக் கீறிவிட்டால் அந்தக் கீறல் வழியாகவே நாளைக்குக் கசியும். பொறுமை இல்லாதவர் இந்த வேலைக்குக் கை வைக்கக் கூடாது.

கிரைண்டரில் வயர் வீல் போட்டுத் தேய்க்காதீர்கள். சூடும் வரும், தூளும் பறக்கும். ஆலையை நிறுத்திப் பழுது பார்த்த ஒரு ஷட்டவுனில் என்னோடு இருந்த அண்ணன் அப்படித் தேய்த்த கையைக் கழுவாமலே பீடி பிடித்தார். சாயங்காலம் நடுக்கம், காய்ச்சல், நெஞ்சில் இறுக்கம். மறுநாள்தான் எழுந்து உட்கார்ந்தார். பீடியில் ஒட்டிய தூள் அந்த நெருப்பில் சிதைந்து உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து இடத்தை ஈரத்துணியால் துடைத்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் என் ஆட்கள் டீக்கே போவார்கள்.

உள்ளே டெஃப்லான் லைனிங் உள்ள குழாயில் வெல்டிங்கோ கேஸ் கட்டிங்கோ கூடவே கூடாது. வெளியே வெறும் இரும்புக் குழாயாகத்தான் தெரியும். குழாயின் உடம்பில் சிறு துளை இருக்கிறதா, ஃபிளாஞ்ச் முகத்தில் வெள்ளை விளிம்பு மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போல்ட்டைக் கழற்றி முழுத் துண்டாகவே இறக்குங்கள்.

தீப்பிடித்த இடத்தில் வைட்டான் ஓ-ரிங் (ஃபுளோரின் கலந்த ரப்பரில் செய்த கசிவுத் தடுப்பு வளையம்) கரிந்து பிசுபிசுவென்று கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கலாம். உடனே வலிக்காமலே சதைக்குள் இறங்கும். தடித்த நியோபிரீன் கையுறை போடுங்கள், கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்திலேயே இருக்கட்டும். பட்டுவிட்டால் தண்ணீரில் கழுவி, ஜெல் தடவியபடியே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கழற்றிய துண்டுகளைக் குப்பையோடு போட்டு எரிக்காதீர்கள். சுத்தமான டெஃப்லானுக்கு ஸ்கிராப் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கெமிக்கல் பட்டது தனிப் பையில், என்ன லைனில் இருந்தது என்று எழுதி ஒட்டி, ஆலையின் அபாயக் கழிவுக் கிடங்குக்குப் போக வேண்டும்.